உத்திரா நம்பர் ஒன்

உத்திராபதி என்ற பெயரை இன்றைக்கு யார் சொன்னாலும் எனக்குப் பல் கூசும். நல்ல பெயர்தான், சாமி பெயர். அந்தப் பெயரில் எத்தனையோ தங்கமான மனிதர்கள் இருக்கிறார்கள். என் போதாத காலம், எனக்கு வாய்த்த உத்திராபதி எங்கள் பழப் பண்ணையின் சூப்பரின்டெண்டாக இருந்தார்.

பண்ணை அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் செம்மண் மேட்டில் இருந்தது. சுற்றிலும் முந்திரியும் பலாவும். எங்கள் வேலிக்குள் மட்டும் கொய்யா. அறுபத்திரண்டில் நான் அங்கே ஃபீல்டு அசிஸ்டெண்ட். பெயர் அப்துல் வதூது, ஊர் லால்பேட்டை, படிப்பு விவசாயத்தில் பட்டம், வேலை டெம்பரவரி. என் வயசுக்காரர்கள் எல்லாம் பினாங்குக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தபோது நான் ஓர் இடுக்கியும் பூதக்கண்ணாடியும் வாங்கிக்கொண்டு கொய்யாப் பூவைக் குடைய வந்தேன். "காலேஜு படிச்சிட்டு மொட்டு உரிக்கிறான்" என்று அத்தா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மொட்டு உரிக்கிற வேலைதான், மறுக்கவில்லை. மறுநாள் மலரப் போகிற மொட்டை முந்தின சாயங்காலமே பிரித்து, உள்ளே இருக்கிற மகரந்தக் காம்புகளை ஒன்று விடாமல் கிள்ளி எடுக்க வேண்டும். பிறகு வெண்ணெய்த்தாள் பையை மாட்டி நூலால் கட்ட வேண்டும். காலையில், நாம் தேர்ந்தெடுத்த வேறொரு மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவி, மறுபடி பையை மாட்ட வேண்டும். அப்போதுதான் பிறக்கிற கன்றுக்கு இன்னார் தாய், இன்னார் தகப்பன் என்று சத்தியம் செய்ய முடியும். பை இல்லாவிட்டால் தேனீ எந்த மரத்து மகரந்தத்தையும் கொண்டுவந்து பூசிவிடும். பண்ணையில் களை பறித்த கொளஞ்சியம்மாள் முதல் நாளே அந்தப் பைக்குப் பெயர் வைத்துவிட்டாள்.

"பாய் பூவுக்கெல்லாம் கோஷா போட்டுட்டாருடி! இனிமே வண்டு மொகங்கூடப் பாக்க முடியாது."

பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து பண்ணையில் அந்தப் பைக்குக் கோஷா என்றே பெயர். நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

என் கிராஸுக்குத் தாய், பண்ணையில் நின்ற வெள்ளைக் கொய்யா. காய்ப்பு அள்ளும், ருசி சப்பை. தகப்பன் சிதம்பரத்தில், என் மாமா அப்துல் ஹக் வீட்டுக் கொல்லையில் நின்றது. அதுவும் உள்ளே வெள்ளைதான், ஆனால் சர்க்கரை. அந்த மரத்தை நான் தேடிப் பிடித்ததற்கு மரம் மட்டும் காரணம் இல்லை. மாமா மகள் ஜெய்னப் எனக்கென்று பேச்சு. வேலை கன்ஃபர்ம் ஆனதும் நிக்காஹ் என்று மாமா சொல்லியிருந்தார். நான் மரத்தைப் பார்க்கப் போனால் ஜெய்னப் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கொய்யாவுக்கே இத்தன சம்பந்தம் பேசுறீங்களே மச்சான், நமக்கு எப்ப?" என்பாள்.

"ஆர்டர் வரட்டும்" என்பேன். அந்த ஆர்டரைத் தவிர எனக்கு அப்போது உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பங்குனியில் பூ வந்தது. தாய் மரத்தில் கிளை கிளையாக மொட்டு உரித்துக் கோஷா போட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். ஜெய்னப் பறித்து வைத்திருந்த பூக்களை ஈரத்துணியில் சுற்றிப் பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். பண்ணைக்குள் நுழைந்தால் மரம் வெறுமனே நிற்கிறது. ஒரு பை இல்லை. நான் உரித்து வைத்த பூவெல்லாம் திறந்து கிடக்கிறது, மேலெல்லாம் தேனீ. தகப்பன் என் சட்டைப் பையில் இருக்கிறான், இங்கே கல்யாணமே முடிந்துவிட்டது.

கொளஞ்சியம்மாள் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "அய்யாதான் அவுக்கச் சொன்னாரு பாய். மந்திரி வர்றாராம். மரமெல்லாம் கோவணம் காயப் போட்டாப்புல இருக்குது, எல்லாத்தியும் எடுங்கன்னாரு. நாங்க என்னா பண்றது?"

மந்திரி காரை விட்டு இறங்கக்கூட இல்லை. வாசலிலேயே மாலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்காக என் ஒரு வருஷத்து வேலையை அவிழ்த்துக் குப்பையில் போட்டிருந்தார்கள்.

உத்திராபதி ஆபீசில் ஃபேனுக்குக் கீழே இருந்தார். அவர் எப்போதும் அங்கேதான் இருப்பார். வெயில் பட்டால் கரைந்துவிடுவார். விருந்தாளி வந்தால் மட்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் வருவார்.

"இப்ப என்னாய்யா குடி முழுவிப் போச்சு? காய் புடிக்கும்ல? லேபிள்ல உன் சிதம்பரத்து மரத்தையே தகப்பன்னு எழுதிடு" என்றார்.

"அது பொய் சார். தேனீ எத்தக் கொண்டாந்துச்சோ! மோட்டார் கொட்டாயண்ட செங்கொய்யா வேற நிக்குது."

"தேனீ வந்து சாட்சி சொல்லுமா?"

"நான் எழுத மாட்டேன் சார்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "எழுதாத. நானே எழுதிக்கிறேன்" என்றார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

லேபிளை அவரே எழுதிக் கட்டவைத்தார். அதோடு விட்டாரா? மேலே ஒரு ரிப்போர்ட் போட்டார். மகரந்தம் தடவ வேண்டிய நாளில் அசிஸ்டெண்ட் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் சுற்றப் போய்விட்டான், வேலை கெடக்கூடாதே என்று நானே என் கையால் ஒவ்வொரு பூவுக்கும் தடவி முடித்தேன், இவன் நெக்லிஜென்ட் என்று. அந்த ஒரு வார்த்தை போதும். என் ஆர்டர் நின்றுபோனது. மேலதிகாரிகளுக்கு எழுதினேன். கடலூருக்கு நேரிலும் போய் ஒருவர் அறை வாசலில் நாள் முழுக்க நின்றேன். உள்ளே கூப்பிட்டவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒழுங்கா வேலையப் பாருங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார். என்னப்பா நடந்தது, நீ சொல் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்கவில்லை.

மாமாவும் கேட்கவில்லை. "நாளைக்கி வேலையே நிக்குமான்னு தெரியல. பொண்ண எத்தினி நாளு வெச்சிருக்கிறது மாப்ள?" என்றார். ஜெய்னப்பைப் பினாங்கில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். நிக்காஹ் சாப்பாட்டில் நானும் உட்கார்ந்தேன், உட்காராவிட்டால் ஊர் பேசும். ஒரு கவளம் தொண்டையில் இறங்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தின்கிற அந்தச் சகன் தட்டு முன்னால் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன். அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்க வேண்டும். உத்திராபதியை எதிரே நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும். அதுவரைக்கும் இந்தப் பண்ணையை விட்டு அசைய மாட்டேன்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். வரும் என்று உட்கார்ந்திருந்தால் வராது. பூனை காத்திருக்க வேண்டும், தூங்காமல்.

அந்தக் காய்களின் விதையைப் போட்டு வந்த கன்றுகளை நட்டோம். அவர் பொய்யின் பிள்ளைகளை நான்தான் களை எடுத்து, எரு வைத்து, எறும்பு ஏறாமல் பார்த்து வளர்த்தேன். சிரத்தையில் ஒரு குறை வைக்கவில்லை. உத்திராபதிகூட ஒருநாள், "இப்பதான்யா நீ ஆளாயிட்ட" என்று மெச்சினார். தலையைக் குனிந்துகொண்டேன்.

கன்றுகள் மரமாகி முதல் காய்ப்புக்கு வந்த வருஷம் ஊரெல்லாம் அரிசிக்கு வரிசை நின்ற வருஷம். மேட்டு ஓரத்தில் நின்ற ஒரு மரம் மட்டும் மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. கிளை தரை தொடக் காய். முதல் பழத்தை மரத்தடியிலேயே உட்கார்ந்து அறுத்தேன்.

உள்ளே சிவப்பு.

கொய்யாவில் வேலை செய்கிற எவனுக்கும் தெரிந்த பால பாடம் இது. சிவப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்தால் சிவப்பு வரலாம். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் பிறந்தால் வெள்ளைதான். ஒருகாலும் சிவப்பு வராது. உத்திராபதி தன் கையால் தடவியதாக எழுதி வைத்திருக்கிற தாய் வெள்ளை, தகப்பன் வெள்ளை. மோட்டார் கொட்டகைச் செங்கொய்யாவிலிருந்து வந்த தேனீ, வாய் இல்லாமலேயே சாட்சி சொல்லிவிட்டது. நான் அந்த மரத்தடியில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

பிறகுதான் பழத்தைக் கடித்தேன். அல்லாஹ் மேல் ஆணை, அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கொய்யாவை நான் தின்றதில்லை. பன்னீர் வாசனை, நாக்கில் கரைகிற சதை, விதை பேருக்குத்தான். ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, இதைக் கொண்டுபோய் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று எழுந்தேன். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். உத்திராபதியிடம் காட்டினால் என்ன ஆகும்? மரத்தைக் கமுக்கமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு மற்றதை வைத்து ஊரை ஏய்ப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்குக் கொய்யா எம்மாத்திரம்? இவர் ஊரறிய, தானே, தன் கையால் அறுக்க வேண்டும்.

அன்றிலிருந்து அந்த மரத்துப் பழத்தை வேறு யாரும் தொடவிடவில்லை. பழுக்கப் பழுக்க நானே பறித்து, முந்திரித் தோப்புக்குள் போய்த் தின்று, தோலைப் புதைத்தேன். உத்திராபதிக்குக் காட்ட வெள்ளை வேண்டுமே? மற்ற மரத்து வெள்ளையெல்லாம் சிறுசு, ருசியும் இல்லை. சிதம்பரத்துக்குப் போனேன், மாமா வீட்டுக்கு. பழிக்கு வெட்கம் கிடையாது. மாமாவுக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். நான் கேட்டதும் கொல்லைக் கொய்யாவைப் பை நிறையப் பறித்துக் கொடுத்தார். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஒரே நிறம், ஒரே அளவு. பையைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்குள் வந்தபோது கொளஞ்சியம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னா பாய், கொல்லத் தெருவுலயே ஊசி விக்க வந்துட்டீங்க?"

"சும்மா இரு."

"எனக்கென்னா. நான் ஒண்ணும் பாக்கல சாமி" என்று களைக்கொட்டோடு நகர்ந்துவிட்டாள்.

உத்திராபதி மாமா வீட்டுக் கொய்யாவை மேசைமேல் வைத்து அறுத்தார். பளீரென்று வெள்ளை. ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "பாத்தியாய்யா! கைராசின்னா இதான். அத்தனையும் இந்தக் கையால தடவுனது" என்றார். இத்தனை வருஷத்தில் தன் பொய்யை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். மரத்துக்குப் பெயரும் வைத்தார்: உத்திரா நம்பர் ஒன். பண்ணைப் பெண்கள் அதைச் சுருக்கி உத்திராபதி கொய்யா என்றார்கள். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு எரியும். எரியட்டும் என்று விட்டேன். அடுத்த காய்ப்புக்கும் அதே கதை. அவர் மேலே எழுதினார்: புது ரகம் தயார், கமிட்டி வந்து பார்த்து அங்கீகரிக்க வேண்டும்.

கமிட்டி ஒரு முற்பகலில் ஜீப்பில் வந்தது. தலைவர் சபாபதி, பழ ஆராய்ச்சியில் தலை நரைத்தவர், பேச்சுக் குறைவு. உத்திராபதி தொப்பியோடு முன்னால் நடந்தார். நான் தட்டும் கத்தியும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அன்றைக்கு அந்த மரத்தில் ஒரு பழத்தைக்கூட நான் பறிக்கவில்லை.

மரத்தடியில் உத்திராபதி பிரசங்கமே செய்தார். அசிஸ்டெண்ட் கைவிட்டுப் போன வேலையைத் தான் எப்படி ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்தார், ஒவ்வொரு பூவாக எப்படித் தடவினார், தடவித் தடவி விரல் எப்படி மரத்துப் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? சபாபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டும் வெள்ளை ரகந்தானே?" என்றார்.

"சுத்த வெள்ளை சார். தாயும் வெள்ள, தகப்பனும் வெள்ள. இதுவும் பாலு மாதிரி இருக்கும், பாருங்க" என்று சொல்லிக்கொண்டே கைக்கெட்டிய கிளையில் இருப்பதிலேயே பெரிய பழத்தைப் பறித்தார். என் தட்டிலிருந்து கத்தியை எடுத்தார். அறுத்தார்.

பழம் இரண்டாகப் பிரிந்து அவர் உள்ளங்கையில் மல்லாந்தது. ஜீப்பில் வந்த சின்ன அதிகாரி ஒருவர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். உத்திராபதி இன்னொரு பழத்தைப் பறித்து அறுத்தார். அதுவும் சிவப்பு. இன்னொன்று. அவர் அறுத்து அறுத்துப் போடுவதை நான் ஆசை தீரப் பார்த்தேன். ஜெய்னப்பின் நிக்காஹ் நாளில் இறங்காத கவளம் அன்றைக்குத்தான் எனக்கு இறங்கியது.

"இவன்தான்... இவன் மரத்த மாத்தி வெச்சிட்டான் சார். மொதல்லேந்தே நெக்லிஜென்ட்" என்று என்னைக் காட்டினார்.

சபாபதி அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "என்ன நடந்துச்சு தம்பி? நீ சொல்லு" என்றார்.

அந்த வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை வருஷம் அங்கே கிடந்தேன். சொன்னேன். மொட்டு உரித்தது, கோஷா போட்டது, மந்திரி, கோவணம், பவுடர் டப்பா, தேனீ, ரிப்போர்ட், எல்லாம் சொன்னேன். பைகளை அவிழ்க்கச் சொன்னது யார் என்று சபாபதி கேட்டார். கொஞ்ச தூரத்தில் நின்றிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உத்திராபதியைப் பார்த்தார்கள். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

உத்திராபதி ஜீப் வரைக்கும் கூடவே போனார், ஏதேதோ சொல்லிக்கொண்டு. ஒருவரும் காது கொடுக்கவில்லை. சபாபதி மட்டும் பின்தங்கி, அறுத்துப் போட்ட பழத்தில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றுகொண்டே நின்றுவிட்டார். இன்னொரு துண்டையும் எடுத்தார்.

"இப்படி ஒரு பழத்த நான் பாத்ததில்ல" என்றார். பிறகு, "இது முன்னாடி காச்சிருக்குமே. அப்பவே நீ அறுத்துப் பாத்திருப்பியே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா சார்" என்றேன்.

"தேனீ குடுத்த மரம், தகப்பன் தெரியாது, ஆனா பழம் இப்படின்னு எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தா, தானா வந்த கன்றுன்னு சொல்லி அன்னிக்கே எடுத்திருப்பேன். உன் பேர்லயே எடுத்திருப்பேன்." கையைத் துடைத்துக்கொண்டார். "இனிமே முடியாது. பொய்க் கணக்குல வளந்த மரம். கோர்ட்டுல பொய் சொன்னவன் மறுநாள் நெசம் சொன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாத்தியும் எடுத்துட வேண்டியதுதான். அவரு பொய்ய எழுதுனாரு. நீ அதுக்குத் தண்ணி ஊத்துன."

எனக்குச் சுருக்கென்றது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஜெய்னப்பைப் பார்த்ததில்லை. கடலூரில் அந்த அறை வாசலில் நின்றதும் நான்தான், அவர் இல்லை.

உத்திராபதியை எங்கோ ஒரு விதைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பெட்டி படுக்கையோடு அவர் வண்டி ஏறிய அன்று நான் வேண்டுமென்றே வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன், அவர் அன்றைக்கு ஃபேனுக்குக் கீழே சிரித்த அதே சிரிப்பு. என் மேல் இருந்த குறிப்பை அடித்துவிட்டார்கள். ஆர்டர் வந்தது. அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த தபாலில் மரங்களை அகற்றும் உத்தரவும் வந்தது. மற்ற மரங்களை ஆட்கள் வெட்டினார்கள். மேட்டு ஓரத்து மரத்தை நானே வெட்டினேன். கோடாலி பட்ட இடத்தில் கொய்யா வாசனை வந்தது. ஒரு கிளையில் பதியன் போட்டு ரகசியமாக எங்காவது காப்பாற்றியிருக்கலாம். கொய்யாவுக்கு அது பெரிய வித்தையே இல்லை. நான் போடவில்லை. அது எங்கே உயிரோடு இருந்தாலும் உத்திராபதி பெயரோடுதான் இருக்கும்.

கொய்யா வேர் லேசில் சாகாது. முதல் மழைக்கு மண்ணுக்குள் மிச்சமிருந்த வேரிலிருந்து துளிர் எட்டிப் பார்த்தது. தோண்டி எடுத்தேன். ஐப்பசி அடைமழையில் இன்னும் தள்ளி இரண்டு இடத்தில் வந்தது. அதையும் எடுத்தேன். அதற்குள் கோயம்புத்தூருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்துவிட்டது. சபாபதியே கேட்டு வாங்கிக் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது.

கிளம்ப வேண்டிய வாரத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் போனால், கொளஞ்சியம்மாள் ஒரு துளிரை வேரோடு பெயர்த்து ஈர மண் உருண்டையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கூட்டுக் கொல்லையில வெக்கிறேன் பாய். புள்ளைங்க தின்னும். தூக்கிப் போடுறதுதான?"

"வெச்சா, இது என்னா கொய்யான்னு சொல்லுவ?"

அவள் யோசிக்கவே இல்லை. "உத்திராபதி கொய்யான்னுதான். வேற என்னா?"

அவள் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தேன். தண்டு நார் நாராகப் போகும்வரை மிதித்தேன். அவள் தன் வெறும் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தாளுதான் போயிட்டாரே பாய். பழம் உங்கள என்னா பண்ணிச்சு?" என்றாள். கை மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஆபீசுக்கு வந்து, கோயம்புத்தூரில் சேர இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் வேண்டும் என்று எழுதிப் போட்டேன். காரணம் என்று கேட்ட இடத்தில் சொந்த வேலை என்று எழுதினேன். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அந்த வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.